எஸ்ராவின் பாதி

ஓல்ட்ரிங் பண்ணையில் நிலம் இரண்டாயிரம் ஏக்கர் உண்டு. மரியாதை என்று தேடினால் ஒரு சென்ட்கூடத் தேறாது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையானால் சர் ஜாஸ்பர் ஓல்ட்ரிங்கின் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். காரணம் அந்த மண். உழுதால் ரோமானியர் காசு, மழை பெய்தால் ஈயக்குண்டு, எதுவுமே இல்லாத நாளில் ஒரு பழைய பெல்ட் கொக்கியாவது கிடைக்கும். அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கரண்டி மண் எடுக்க முடியாது. அனுமதி சர் ஜாஸ்பரின் சட்டைப்பையில் இருந்தது.

தெல்மாவுக்கு அந்த அனுமதி கிடைத்துப் பல வருஷம் ஆகிறது. பல் ஆஸ்பத்திரியில் ஊரார் வாயில் காறை சுரண்டியே காலத்தைக் கழித்தவள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியதால், எதிரில் இருப்பவர் குறுக்கே பேசினால் அவளுக்குப் பொறுக்காது. சர் ஜாஸ்பரிடம் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். மண்ணுக்காகத்தான்.

பேச்சு என்னவோ நியாயமான பேச்சுதான். இந்த நாட்டில் வயல்காரனுக்கும் தோண்டுகிறவனுக்கும் நடுவே உள்ள வழக்கம் அது. கிடைப்பதில் பாதி உனக்கு, பாதி எனக்கு. முதல் நாள் சர் ஜாஸ்பர் தன் ஜீப்பின் மூக்கின்மேல் கையை நீட்டி அப்படிச் சொல்லித்தான் குலுக்கினார். அதன்பிறகு அவர் பாதியைக் கேட்டதே இல்லை. அவள் கொண்டுபோய்க் காட்டும் துருப்பிடித்த சாமான்களை மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இந்தாம்மா, இந்தக் குப்பைய நீயே வச்சுக்கோ" என்பார். தெல்மா என்ற பெயர் அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. இந்தாம்மாதான்.

கோதுமை அறுத்து முடித்த செப்டம்பரில், மாளிகைக்குப் பின்னால் இருக்கிற சரிவு வயலில்தான் அந்தப் பொத்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் மாளிகைக் கழிப்பறைக் குழிகளை வாரி இந்த வயலுக்குத்தான் எருவாகப் போடுவார்கள். உடைந்த சாமான், அறுந்த பொத்தான் எல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். பெரிய மனிதர்களின் வீட்டுச் சரித்திரம் முக்கால்வாசி அந்த வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது.

தெல்மாவின் டிடெக்டர் கிளப்புக் கூட்டாளி டெரிக், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலு சால் தள்ளி நடந்துகொண்டிருந்தார். தெல்மாவின் கருவி முனகிய முனகல் அவர் காதுவரைக்கும் கேட்டது.

"ஏ தெல்மா, அது ஈயத்தாளுடி. விட்டுட்டு வா. நானே அது மேல ரெண்டு தடவ போயிட்டேன்."

"நீ போறதும் எருமை போறதும் ஒண்ணு. கீழ என்ன கெடக்குன்னு எருமைக்குத் தெரியுமா?"

"எருமைக்கு முதுகு வலிக்காது. எனக்கு வலிக்குது. குனியறதுக்கு ஒரு நியாயம் வேணும்ல?"

தெல்மா குனிந்தாள். ஒரு சாண் ஆழம். மண்கட்டியை இரண்டாகப் பிளந்ததும் பச்சைக் களிம்பு படிந்த வட்டம் ஒன்று கண்ணில் பட்டது. ஓரத்தில் பிறை அளவுக்குப் பொன்முலாம் மின்னியது. டெரிக் முதுகுவலியை மறந்து ஓடி வந்தார், கையில் வாங்கினார், தோண்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற பாவத்தைச் செய்ய, எச்சில் தொட்டுத் துடைக்க, வாயைக் குவித்தார்.

"துப்பின, தொலைஞ்ச!" என்று தெல்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "மண்ணோட முலாமும் சேந்து வந்துடும். எத்தன தடவ சொல்றது? உன் எச்சில் என்ன தீர்த்தமா?"

"சும்மா ஒரு சொட்டு... என்ன படம்னு பாக்கலாம்னுதான்."

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அவசரப்படாத. நான் பாத்துச் சொல்றேன்."

டிபன் டப்பாவில் ஈரமண்ணை அடைத்து, அதன் நடுவில் பொத்தானைப் பதித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சமையலறை மேஜையில் அது பல வாரம் கிடந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போடுவாள், எடுப்பாள், பூதக்கண்ணாடியை விளக்கோடு இழுத்து வைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த இரும்புக் கருவிகள் பெட்டி நிறைய இருந்தன, ஒன்றையும் தொடவில்லை. வேலியில் ஒடித்த முள்ளால், களிம்பை மணல் மணலாகப் பெயர்த்தாள். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு மிளகு அளவு இடம் தெரியும். முதலில் ஒரு கால் வந்தது. அப்புறம் ஒரு நீளக் கழுத்து. பிறகு ஒரு நாரை முழுசாக எழுந்து நின்றது. அதன் அலகில் ஒரு விலாங்கு நெளிந்தது.

கண்டெடுத்ததையெல்லாம் பதிந்துகொள்கிற அருங்காட்சியகத்துப் பெண், படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கிட்டத்தட்டக் கூவினாள். ஓல்ட்ரிங் குடும்பத்தின் இருநூறு வருஷப் பழைய சின்னம் அது. ஆற்றில் ஊரார் மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தக் குடும்பம் வேலி போட்டதும், "மீனைக் கவ்வினவன் விடுவானா" என்று ஊரே சின்னத்தைக் காட்டிச் சிரித்ததாம். வெட்கம் வந்து விலாங்கை எடுத்துவிட்டார்கள், வேலியை எடுக்கவில்லை. விலாங்கோடு கூடிய பொத்தான் இதுவரை ஒன்றுகூட யார் கைக்கும் வந்ததில்லை என்றாள் அந்தப் பெண். தெல்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு பொத்தானைக் கவிழ்த்தாள். பின்பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது, செய்தவன் பெயர் வட்டமாக அச்சடித்திருக்கும் என்றுதான் நினைத்தாள். முள் ஒரு கீறலில் தட்டியது. அச்சு இல்லை அது. ஊசியாலோ ஆணியாலோ யாரோ கையால் இழுத்த கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. நாலு இங்கிலீஷ் எழுத்து வெளியே வந்தது. இரண்டாவது எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறிக் கிடந்தது. எழுத்துப் பழகாத கை. எஸ்ரா.

சீருடை போட்ட சேவகன் எவனோ. முன்பக்கம் எஜமான் வீட்டு நாரை ஊருக்குத் தெரிய நிற்கிறது. பின்பக்கம், தன் நெஞ்சு படுகிற பக்கம், தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். ஏன் என்று தெல்மாவுக்கு அப்போது விளங்கவில்லை. என்றாலும் நாரையைக் கண்டபோது வராத கண்ணீர் இந்த நாலு எழுத்தைக் கண்டபோது வந்தது. டெரிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல வேள, துப்பல" என்றார்.

பேச்சு பேச்சுதானே. மாளிகைக்கு எடுத்துப் போனாள். சர் ஜாஸ்பர் கிரீன்ஹவுஸில் மகள் கல்யாணத்துக்குப் பூச்சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பொத்தானைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது.

"அட! விலாங்கு! எங்க விலாங்கு! இந்தாம்மா, இது எங்க குடும்பச் சொத்து, தெரியுமா?"

"பாதி, சர்" என்றாள் தெல்மா. "இதுக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு. திருப்பிப் பாருங்க."

திருப்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். பிறகு சிரித்தார். கபடமில்லாத சிரிப்பு.

"எஸ்ராவா? எங்க வீட்ல எஸ்ரான்னு எவனும் இருந்ததே இல்லம்மா. சேவகன்னா ஜேம்ஸ்தான். ஒரு ஜேம்ஸ் போனா இன்னொரு ஜேம்ஸ் வருவான். எங்க முன்னோர் வச்ச வழக்கம். வேலைக்கு வர்றவன் பேரையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறது?"

"அவங்க அம்மா வச்ச பேரு, சர்."

"வீட்டுக்குப் போனா கூப்பிட்டுக்கட்டும். எங்க கொள்ளுத்தாத்தா நாய்க்கு மட்டும்தான் ஆளுக்கொரு பேரு வச்சாரு. அதோ பாரு, அந்த மரத்தடியில. எல்லாத்துக்கும் கல்லுல பேரு வெட்டியிருக்கு."

தெல்மா பார்த்தாள். பாசி பிடித்த சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக நின்றன. நாய்க்குக் கல்லில் பெயர். மனிதனுக்கு, அவன் பிறந்தபோது வைத்த பெயர்கூட வாசற்படியோடு சரி. உள்ளே வந்தால் ஜேம்ஸ், சாகும்வரை ஜேம்ஸ். அந்தப் பையன் ஏன் கீறினான் என்று இப்போது விளங்கிவிட்டது. விளங்கியதும் உச்சந்தலைவரைக்கும் ஏறியது கோபம்.

சர் ஜாஸ்பருக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவர் கணக்கே வேறாக இருந்தது. "சனிக்கிழமை கல்யாணம். இத கோட்டுல குத்திக்கப் போறேன். நகைக்கடைக்காரன்கிட்ட குடுத்தா, பின்னாடி இருக்கிற இந்த வளையத்த வெட்டிட்டு, சமமா ராவி, ஊசி வச்சுக் குடுத்துடுவான். புதுசா முலாமும் பூசிடலாம்."

"ராவினா பேரு போயிடும், சர்!"

"கிறுக்கல்தானே, போகட்டும்."

"எறநூறு வருஷமா மண்ணுக்குள்ள போகாதது, சர். மண்ணு விட்டு வச்சத நீங்க ராவுவீங்களா?"

சர் ஜாஸ்பர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்தாம்மா, குரல எறக்கிப் பேசு. மண்ணு யாரோடது? நான் விட்டதாலதானே நீ தோண்டின? உன் பாதிக்கு என்ன விலையோ அத வாங்கிக்க. இல்லன்னா உனக்கும் உன் கிளப்புக்கும் இந்தப் பண்ணையில எடமில்ல."

தெல்மா பல்லைக் கடித்தாள். மெழுகுப் பூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது, இப்படியே விட்டால் மறுபடி பச்சை பிடித்துவிடும், வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றாள். அது உண்மையும்கூட. சரி என்று சொல்லிவிட்டு அவர் பூச்சட்டிக்குத் திரும்பினார்.

டெரிக்கிடம் சொன்னபோது அவர் சிப்ஸ் பொட்டலத்தைக் காரின்மேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"குடுத்துத் தொலைச்சிடு, தெல்மா. எப்பவோ செத்துப் போனவன் பேருக்காக, இருக்கிற வயல விடுவியா? கிளப்புல அத்தன பேரும் என் கழுத்தப் பிடிப்பாங்க."

"நாளைக்கு உன்னையும் ஜேம்ஸ்னு கூப்பிட்டா?"

"என்ன வேணா கூப்பிடட்டும். மேலச் சரிவுல எனக்கு விட்டா போதும்."

"தூ! நீயும் ஒரு ஆம்பளையா? சீருடைதான் போடல. மத்தபடி அங்கயே வேலைக்குப் போயிடு."

"ரொம்பப் பேசற." டெரிக்குக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. "பாதி அவரோடதுங்கறது பொய்யா? நீதான கை குலுக்கின? பேச்சு மாறுற ஆளு நீ இல்லையே."

அதுதான் அவளைக் குடைந்தது. டெரிக் சொன்னது நிஜம். வயல்காரனை ஏமாற்றுகிறவனை அவளே கிளப்பை விட்டுத் துரத்தியிருக்கிறாள். தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லலாம். பொய் சொல்லிப் பதுக்குவதா? எஸ்ராவை மறுபடி ஒளித்து வைப்பதற்கா இத்தனை வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்? பாதி அவருடையது. அதில் சந்தேகமில்லை. எந்தப் பாதி என்று அன்றைக்கு ஜீப்பின் மூக்கின்மேல் யாரும் பேசவில்லை.

இந்த மாதிரிப் பொத்தான் இரண்டு தகட்டால் ஆனது. முன்பக்கத் தகடு மெல்லியது, படம் அடித்தது. பின்பக்கத் தகடு தடித்தது, வளையம் வைத்தது. முன்தகட்டின் ஓரத்தைப் பின்தகட்டின்மேல் மடித்துவிட்டிருப்பார்கள், பூரணத்தை மூடி ஓரம் மடிக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை காலையில் தெல்மா எலும்பில் செய்த ஒரு தட்டைக் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேர்ந்து கிடைத்ததைப் பிரிக்காதே என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள்தான் பாடம் எடுப்பாள். இப்போது அவள் கையே பிரித்தது. ஒவ்வொரு மடிப்பும் நிமிரும்போது அவளுக்குத் தன் நகத்தைப் பெயர்ப்பதுபோல இருந்தது. "இதுக்கு நீதான்யா காரணம், நீதான்" என்று இல்லாத சர் ஜாஸ்பரைத் திட்டிக்கொண்டே மடிப்பை விடுவித்தாள்.

கடைசி மடிப்பும் விட்டது. முன்தகடு கையில் கழன்று வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, ஒரு சிட்டிகைப் புழுதி. வெளியே அவ்வளவு மிடுக்காக நின்ற நாரை, உள்பக்கம் வெறும் பள்ளம். வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. பின்தகடோ கெட்டியாக, கறுப்பாக, நாலு எழுத்தோடு மேஜைமேல் கிடந்தது. இரண்டுக்கும் தனித்தனியே மெழுகு பூசினாள்.

மாளிகை வாசலில் கல்யாணக் கூடாரம் எழும்பியிருந்தது. டெரிக் காரை விட்டு இறங்கமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். சர் ஜாஸ்பர் நாளைக்குப் போடப்போகிற கோட்டைப் போட்டுப் பார்த்தபடி படியிறங்கி வந்தார். தெல்மா பஞ்சு வைத்த டப்பாவைத் திறந்து நீட்டினாள். நாரை வெயிலில் தகதகத்தது.

"பிரமாதம்!" என்றவர் எடுத்துத் திருப்பினார். புருவம் சுருங்கியது. "பின்னாடி எங்க?"

"பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. அதுதான சர் பேச்சு? இது உங்க பாதி. உங்க குடும்பச் சின்னம், முழுசா, ஒரு கீறல் இல்லாம. என் பாதி என்கிட்ட இருக்கு."

கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபத்துக்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். அவரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, போ. நகைக்கடைக்காரனுக்கு ராவுற வேல மிச்சம். அந்தக் கழிசடைய நீயே வச்சுக்கோ."

தெல்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு அவள் செய்த காரியத்தைக் கூலிமிச்சம் என்று எடுத்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். இருந்தாலும் வேலை தெரிந்தவளின் வாய் சும்மா இருக்கவில்லை. "அழுத்திடாதீங்க, சர். பின்னாடி தாங்க ஒண்ணுமில்ல. வெறும் தோலு."

"எறநூறு வருஷமா நிக்கிற சின்னம் இதும்மா. நான் தொட்டா விழுந்துடும்?"

சொல்லிக்கொண்டே, எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில், அதைக் கோட்டின் மார்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். முட்டை ஓட்டை அழுத்தினால் எழுமே, அந்தச் சத்தம் எழுந்தது. விரலை எடுத்தார். நாரையின் மார்பு குழிந்து, கழுத்து மடிந்து, விலாங்கு இருந்த இடத்தில் ஒரு கிழிசல்.

சர் ஜாஸ்பர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"அந்தப் பின்பக்கத்தக் குடு."

"எதுக்கு, சர்?"

"நகைக்கடைக்காரன் இத நிமித்திடுவான். ஆனா அது இல்லாம இது நிக்காது. பழையபடி உள்ள வச்சு மடிச்சாத்தான் தாங்கும். குடும்மா."

"எதக் கேக்கறீங்க?"

"அதான்... அந்தத் தகடு."

"எதுன்னு சொல்லுங்க, சர்."

அவர் முகம் சிவந்தது. கூடாரத்துக்குக் கயிறு கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எஸ்ரா! அந்த எஸ்ராவக் குடு, போதுமா? ராவல, வெட்டல, அப்படியே வச்சுக்கறேன். குடுக்கலன்னா, நாளையிலேருந்து நீயும் உன் கூட்டமும் இந்த மண்ணுல கால் வைக்க முடியாது. மேலச் சரிவு, கீழச் சரிவு, ஒரு சாலு கெடையாது!"

காருக்குள்ளிருந்து டெரிக் எட்டிப் பார்ப்பது தெல்மாவுக்குத் தெரிந்தது. மேலச் சரிவும் தெரிந்தது. அறுத்த கோதுமைத் தாள் வெயிலில் மஞ்சளாகக் கிடந்தது. அந்த மண்ணை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று சர் ஜாஸ்பருக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அவள் கோட்டுப் பைக்குள் கையைவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எஸ்ரா இனிமே உங்க வீட்டு வேலைக்கு வரமாட்டான், சர்" என்றாள்.

பிறகு காலி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள்.